பழைய பூங்காக்களில் காசு தேடுதல்: மெட்டல் டிடெக்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நகரங்களில் நூறு, நூற்றைம்பது வயதான பூங்காக்களின் புல்லுக்கு அடியில் இன்றும் வெள்ளிக் காசு கிடக்கிறது. அங்கே குடியிருந்து, இந்தத் தேடலில் இறங்க நினைக்கும் தமிழர்களுக்கான பக்கம் இது. கடைசி இரண்டு கேள்விகள் மட்டும் இங்கிலாந்தையும் இந்தியாவையும் பற்றியவை.

பொதுப் பூங்காதானே, அனுமதி எதற்கு?

பொது இடம் என்பதற்காக யாரும் தோண்டலாம் என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் இதற்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. நகரம், கவுண்டி, மாநிலம் என்று நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வைத்ததே சட்டம். சில நகரங்களில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. சில நகரங்கள் டிடெக்டரை அனுமதித்து, தோண்டுவதை மட்டும் தடுக்கின்றன. வேறு சில இடங்களில் ஸ்க்ரூடிரைவரைத் தவிர எந்தக் கருவியும் மண்ணில் இறங்கக்கூடாது. நியூயார்க் நகரப் பூங்காக்களில் தேட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இருந்தாலும் எல்லாப் பூங்காவிலும் தேட முடியாது.

முதலில் நகராட்சியின் விதித் தொகுப்பை இணையத்தில் திறந்து, "மெட்டல் டிடெக்டர்", "தோண்டுதல்", "புல்தரைக்குச் சேதம்" என்ற மூன்றுக்கும் என்ன சொல்லியிருக்கிறது என்று தேடுங்கள். டிடெக்டரைப் பற்றி ஒரு வரி கூட இல்லாத ஊரிலும் மூன்றாவது விதி அநேகமாக இருக்கும். பிடிபடுபவர்கள் பெரும்பாலும் அதில்தான் மாட்டுகிறார்கள். பிறகு பூங்காத் துறைக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலை அச்செடுத்துப் பையில் வையுங்கள். தொலைபேசியில் "சரி, பண்ணுங்க" என்று ஒருவர் சொன்னது, களத்தில் காவலர் வந்து கேட்கும்போது உதவாது.

எந்த நிலத்தில் கால் வைக்கவே கூடாது?

தேசியப் பூங்காச் சேவையின் நிலத்தில். அங்கே டிடெக்டரைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். காரில் கொண்டு போவதானால் பாகங்களைக் கழற்றி, பயன்படுத்த முடியாதபடி மூட்டை கட்டியிருக்க வேண்டும். தேசியப் பூங்கா என்றதும் மலையும் காடும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வாஷிங்டன் நகரத்தில் நேஷனல் மால் மட்டுமல்ல, சாலை நடுவே இருக்கும் சின்னச் சின்ன வட்டப் பூங்காக்கள், சதுக்கங்கள் பலவும் இந்தச் சேவையின் கையில்தான் இருக்கின்றன. பார்த்தால் நகராட்சிப் பூங்கா போலவே இருக்கும்.

கூட்டரசு நிலத்திலும் பழங்குடியினர் நிலத்திலும் நூறு ஆண்டு கடந்த தொல்பொருள்களை எடுப்பதற்கு 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி கடும் தண்டனை உண்டு. உள்நாட்டுப் போர்க்களம், படை முகாம், இடுகாடு ஆகியவற்றில் நகரம் அனுமதித்தாலும் இறங்க வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. அங்கே ஒரு பொத்தான் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதே ஆய்வாளருக்குச் செய்தி. எடுத்துவிட்டால் அந்தச் செய்தி போய்விடும்; பொத்தான் மட்டும்தான் மிஞ்சும்.

பெரிய பூங்காவில் எங்கே தொடங்குவது?

கால் போன போக்கில் வீசிக்கொண்டு நடந்தால் ஒரு நாள் முழுக்கப் புதுக் காசும் பாட்டில் மூடியும்தான் வரும். அந்தக் காலத்தில் மக்கள் எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே வரிசையில் நின்றார்கள், எங்கே சில்லறை கை மாறியது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். உட்காரும்போதுதான் பையிலிருந்து காசு நழுவும்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சான்போர்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள் ஏராளம் இலவசமாகக் கிடைக்கின்றன. 1867 முதல் வரையப்பட்ட இவற்றில் பூங்காவுக்குள் இருந்த இசை மேடை, குதிரை ராட்டினம், சிற்றுண்டிக் கடை எல்லாம் கட்டடம் கட்டடமாக இருக்கும். பழைய அஞ்சலட்டைப் படங்களும் 1930-களுக்குப் பிந்தைய வான்வழிப் படங்களும் நன்றாக உதவும். பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்த்து, இன்று வெறும் புல்லாக இருக்கும் பழைய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இசை மேடைக்கு எதிரே பார்வையாளர் அமர்ந்த சரிவு, டிராம் நின்ற முனை, பேஸ்பால் ஆட்டத்தில் ரசிகர் நின்ற எல்லைக்கோடு, பழைய நடைபாதையின் இரு ஓரமும், பனிக்காலத்தில் சிறுவர் சறுக்கிய மேட்டின் அடிவாரம் ஆகியவை நல்ல இடங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டிராம் நிறுவனங்கள் வார இறுதியிலும் பயணிகள் வர வேண்டும் என்பதற்காகத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் தாங்களே பூங்கா அமைத்தன. அப்படிப்பட்ட பூங்கா உங்கள் ஊரில் இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல பூங்காக்களில் பின்னாளில் லாரி லாரியாக மண் கொட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். பழைய மரத்தின் அடியைப் பாருங்கள். வேர் பிரியும் அகன்ற பகுதி தெரியாமல், தூண் நட்டது போல மரம் நேராகப் புல்லுக்குள் இறங்கினால் அங்கே மண் ஏற்றியிருக்கிறார்கள். பழைய தரை ஓரடிக்குக் கீழே இருக்கலாம். சாதாரணக் கருவிக்கு அந்த ஆழத்துக் காசு எட்டுவது கடினம்.

என்னென்ன காசு எதிர்பார்க்கலாம்?

1964 வரை வந்த டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் மூன்றும் 90 விழுக்காடு வெள்ளி. 1965 முதல் டைமும் குவார்ட்டரும் செம்பும் நிக்கலுமாக மாறின. அரை டாலர் மட்டும் 1970 வரை 40 விழுக்காடு வெள்ளியாக நீடித்தது. பூங்காவில் அதிகம் கிடைக்கும் வெள்ளி, 1916 முதல் 1945 வரை அடித்த மெர்க்குரி டைமும் 1946-இல் தொடங்கிய ரூஸ்வெல்ட் டைமும். அதற்கு முந்தையவை 1892 முதல் வந்த பார்பர் காசுகள். செம்பில், 1909 முதல் 1958 வரையிலான கோதுமைக் கதிர்ப் பென்னி (1 சென்ட்) கையளவு வரும். 1859 முதல் 1909 வரையிலான இந்தியன் ஹெட் பென்னி எப்போதாவது வரும். 1942-இன் நடுவிலிருந்து 1945 வரை அடித்த போர்க்கால நிக்கல் (5 சென்ட்) காசில் 35 விழுக்காடு வெள்ளி உண்டு. பின்புறத்தில் மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே பெரிய எழுத்து ஒன்று நிற்கும், அதுதான் அடையாளம்.

யாரும் புதைக்காத காசு எப்படி ஆறு அங்குலம் இறங்கியது?

பெரும்பாலும் மண்புழுவின் வேலை. புழு அடியிலிருந்து மண்ணைத் தின்று, மேலே வந்து கழிவாகத் தள்ளுகிறது. காசுக்கு அடியில் மண் குறைந்துகொண்டே போக, மேலே மண் ஏறிக்கொண்டே வருகிறது. இதை டார்வின் ஆண்டுக்கணக்கில் அளந்து காட்டினார். வெட்டிப்போட்ட புல் மக்குவதும் சேர்ந்துகொள்ளும். களிமண்ணும் சரளையும் உள்ள இடத்தில் வேகம் குறைவு. அதனால் 1900-ஆம் ஆண்டுக் காசு ஒரு பூங்காவில் எட்டு அங்குலத்திலும், பக்கத்துப் பூங்காவில் மூன்று அங்குலத்திலும் கிடக்கும். சரிவுகளில் மண் அரித்து, பழைய காசு மேலேயே இருப்பதும் உண்டு.

எந்த டிடெக்டர் வாங்கலாம்?

காசு தேட வி.எல்.எஃப். (மிகத் தாழ்ந்த அலைவரிசையில் இயங்கும்) வகை போதும். கையில் பணம் இருந்தால் பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவியாக வாங்குங்கள்; எந்த உலோகம் என்று திரையில் காட்டும் எண்கள், தாது நிறைந்த மண்ணில் அதில் குறைவாகத் தடுமாறும். விலையுயர்ந்த டிடெக்டரை மட்டும் வாங்கிவிட்டு, குழிக்குள் காசு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும், கைக்கு அடக்கமான பின்பாயின்டரை விட்டுவிடாதீர்கள். பின்பாயின்டர் இல்லையென்றால் குழி இரண்டு மடங்கு பெரிதாகும். காயில் என்பது டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு. 11 அங்குலக் காயில் திறந்த புல்வெளிக்கு. 6 அங்குலக் காயில் ஆணியும் மூடியும் மண்டிக் கிடக்கும் இடத்துக்கு. இவற்றோடு மண்வெட்டுக் கத்தி, முனை மழுக்கிய ஸ்க்ரூடிரைவர், அரை மீட்டர் துணி, ஒரு லிட்டர் தண்ணீர், குப்பைக்கு ஒரு பை, ஹெட்ஃபோன், தடித்த கையுறை. நகரப் பூங்காவில் ஊசியும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும் என்பதால் கையுறையில் சமரசம் வேண்டாம்.

கருவியை எப்படி அமைப்பது?

காயிலைத் தரைக்கு மேலே பிடித்து அசையாமல் நின்று, முதலில் இரைச்சல் நீக்கத்தை ஓட்டுங்கள். மின்கம்பிக்கு அடியிலும் கைபேசிக் கோபுரத்தின் அருகிலும் கருவி தானாகக் கிறீச்சிடும். உலோகம் இல்லாத ஒரு திட்டைக் கண்டுபிடித்து, காயிலை மேலும் கீழும் ஏற்றி இறக்கி மண் சமநிலை (மண்ணின் தாதுவை உலோகமாக எண்ணாதபடி கருவியைப் பழக்குவது) செய்யுங்கள். உணர்திறனை உச்சத்தில் வைப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. முக்கால் பங்கில் தொடங்கி, கருவி அமைதியாக இருக்கும் வரை மட்டும் கூட்டுங்கள். இரைச்சலுக்கு நடுவே ஆழத்துக் காசின் மெல்லிய ஒலி காதில் விழாது.

காயில் தரையிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்தில், தரைக்கு இணையாகவே இருக்க வேண்டும். பலர் பெருக்குமாறு வீசுவது போல வீச்சின் இரு முனையிலும் காயிலைத் தூக்கிவிடுகிறார்கள்; அங்கேதான் ஆழம் போகிறது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியையாவது மூட வேண்டும். பத்து மீட்டர் சதுரத்தைக் குறித்துக்கொண்டு வடக்கு தெற்காக ஒரு முறை, கிழக்கு மேற்காக ஒரு முறை நடங்கள். நல்ல மழைக்கு மறுநாள் ஈர மண்ணில் ஒலி தெளிவாக வரும், வெட்டிய புல்லும் பிழைக்கும்.

திரையில் வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

நான்கு அங்குலம் வரை ஓரளவு நம்பலாம். அதற்குக் கீழே ஒலியை நம்புங்கள். மைன்லேப் எக்வினாக்ஸ் 800 என்ற டிடெக்டரில் நிக்கல் காசு 12, 13 என்று காட்டும். இக்காலத்துத் துத்தநாகப் பென்னி 20-ஐ ஒட்டியும், வெள்ளி டைம் 26-ஐ ஒட்டியும், வெள்ளிக் குவார்ட்டர் 30-ஐத் தாண்டியும் வரும். ஒவ்வொரு கருவிக்கும் எண் வரிசை வேறு. வகைக்கொரு காசை வாங்கி வீட்டுத் தோட்டத்தில் வைத்து உங்கள் கருவி என்ன சொல்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒலி கேட்டதும் 90 பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். இரு திசையிலும் ஒரே எண், உருண்டையான ஒலி என்றால் காசாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் கரகரவென்றும் வந்தால் துருப்பிடித்த ஆணி. இரும்பு மூடி கூட உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும். அடுத்து, காயிலை ஓரடி தூக்குங்கள். காசின் ஒலி சட்டென்று மங்கும். மங்காமல் முழங்கினால் நசுங்கிய அலுமினியக் கேன்.

துத்தநாகப் பென்னியின் எண் வந்தால் பலர் தாண்டிப் போகிறார்கள். இந்தியன் ஹெட் பென்னியும் அதே வட்டாரத்தில்தான் எண் காட்டும். அந்த எண் ஆறு அங்குல ஆழத்திலிருந்து வந்தால் விடாதீர்கள்.

கேன் திறப்பு வளையங்களை ஒதுக்கிவிட்டுத் தேடலாமா?

தேடலாம். ஆனால் ஒதுக்கினால் நிக்கலும் தங்க மோதிரமும் சேர்ந்தே போகும். 1960-களின் தொடக்கத்தில் வந்த பிய்த்தெறியும் அலுமினிய வளையம், கேனோடு ஒட்டியே நிற்கும் மூடி 1975 வாக்கில் வரும் வரை பூங்காக்களில் விதைபோல இறைந்தது. அதன் மின்கடத்தும் அளவு நிக்கலுக்கும் சிறிய தங்க மோதிரத்துக்கும் மிக அருகில் இருக்கிறது. எந்தக் கருவியாலும் முழுதாகப் பிரிக்க முடியாது. தோண்டிக் குப்பைப் பையில் போடுவதே வழி. மேல் குப்பை போனால்தான் அடியில் இருக்கும் வெள்ளியின் ஒலி வெளியே வரும். "எல்லாம் எடுத்தாயிற்று" என்று கைவிடப்பட்ட பூங்காக்களில் மறுபடி காசு கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

தடம் தெரியாமல் தோண்டுவது எப்படி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஒரு பூங்காவில் டிடெக்டருக்குத் தடை வருவதற்கு, காய்ந்து பழுப்பேறிய பத்து வட்டத் திட்டுகள் போதும்.

இடத்தைத் துல்லியமாகக் குறியுங்கள். காயிலை இடம் வலமாக அசைத்து ஒலி உச்சமடையும் கோட்டைப் பிடியுங்கள். 90 பாகை திரும்பி அதையே செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் புள்ளியில் பின்பாயின்டரைப் புல்லின் மேல் வையுங்கள். அங்கேயே ஒலித்தால் காசு இரண்டு அங்குலத்துக்குள் இருக்கிறது, வெட்டவே வேண்டாம். மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்திப் பார்த்து, தட்டுப்பட்டதும் பக்கவாட்டில் சிறு பிளவு போட்டு நெம்பி எடுத்துவிடலாம்.

ஒலிக்காவிட்டால் வெட்ட வேண்டும். துணியைப் பக்கத்தில் விரியுங்கள். புள்ளியைச் சுற்றி ஐந்து அங்குல அகலத்துக்கு, குதிரை லாட வடிவில் மூன்று பக்கம் மட்டும் வெட்டுங்கள்; நான்காவது பக்கம் கீல் போல ஒட்டியே இருக்கட்டும். கத்தி செங்குத்தாக, நான்கு அங்குலமாவது இறங்க வேண்டும். சாய்த்து வெட்டினால் கட்டி கூம்பாக வரும், வேரெல்லாம் அறுந்துபோகும், ஒரு வாரத்தில் புல் செத்துவிடும். முழு வட்டமாக வெட்டினாலும் இதே கதி: புல்வெட்டும் இயந்திரமோ அணிலோ கட்டியை வெளியே இழுத்துப் போட்டுவிடும். கீலுக்கு எதிர்ப்பக்கத்தில் நெம்பி, புத்தகத்தின் அட்டையைத் திருப்புவது போலக் கட்டியைத் திருப்புங்கள்.

பின்பாயின்டரை முதலில் திருப்பிய கட்டியின் அடியில் ஓட்டுங்கள். புதியவர்கள் குழியையே குடைவார்கள். காசு கட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து குழியின் சுவர், கடைசியில் அடி. தளர்ந்த மண் ஒவ்வொரு பிடியும் துணிக்குத்தான் போக வேண்டும், புல்லின் மேல் அல்ல. கருப்பு மண்ணுக்குள் வெள்ளியின் விளிம்பு தனியாகத் தெரியும். செம்பு பச்சைக் களிம்பேறியிருக்கும், நிக்கல் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும், வெள்ளி மட்டும் நேற்று விழுந்தது போல வரும். பார்த்ததும் கத்தி நுனியால் கிளறாதீர்கள். விரலால் சுற்றி மண்ணைத் தளர்த்தி எடுங்கள். வெள்ளிக் காசின் முகத்தில் விழும் கீறல் எந்த மருந்துக்கும் போகாது.

மூடுவதற்கு முன் குழியை இன்னொரு முறை சோதியுங்கள். பையிலிருந்து எப்போதும் ஒற்றைக் காசு மட்டும் நழுவுவதில்லை. பிறகு துணியின் நான்கு மூலையையும் பிடித்து மண்ணைக் குழியில் கொட்டி, கட்டியை மடக்கி, காலால் அழுத்தி, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, மடிந்த புல்லை விரலால் கோதிவிடுங்கள். எழுந்து இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். இடம் தெரிந்தால் வேலை முடியவில்லை.

கோடையில் மண் கல்லாக இருக்கிறதே?

காய்ந்த புல்லில் கட்டி வெட்டாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் நீர் பாயாத புல்தரையில் என்ன கவனமாக மூடினாலும் புல் பட்டுப்போகும். அந்த மாதங்களில் கடற்கரை மணலுக்கோ, குழந்தைகள் விளையாட்டுத் திடலின் மரச்சீவல் பரப்புக்கோ போங்கள்.

பூமிக்குள் குழாயும் கம்பியும் இருக்குமே?

இருக்கும். ஒலி ஒரு புள்ளியில் நில்லாமல் நேர்கோட்டில் தொடர்ந்தால் குழாய் அல்லது கம்பி, கத்தியை இறக்காதீர்கள். நீர்த்தெளிப்பானின் பிளாஸ்டிக் குழாய் டிடெக்டரில் தெரியவே தெரியாது. தெளிப்பான் தலைகள் இரண்டைப் பார்த்து, அவற்றுக்கு இடையே கற்பனையாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தவிருங்கள். மரத்தின் வேர் கத்தியில் தட்டினாலும் மூடிவிட்டு நகருங்கள். ஒரு பென்னிக்காக நூறாண்டு மரத்தின் வேரை அறுப்பது தகாது.

எடுத்த காசை எப்படிச் சுத்தம் செய்வது?

களத்தில் ஒன்றும் செய்யாதீர்கள். கட்டைவிரலால் துடைப்பதுதான் அதிகக் காசுகளைக் கெடுக்கிறது. மணல் துகள் ஒட்டிய முகத்தைத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். சின்ன டப்பியில் ஈரத் துணியோடு வைத்து வீட்டுக்கு எடுத்துப் போய், காய்ச்சி வடித்த நீரில் ஓரிரவு ஊறவிட்டு, ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். வெள்ளிக்கு இதுவே போதும். செம்புக் காசின் பச்சைப் படலத்தின் மேல் ஒட்டிய மண்ணை மட்டும் பற்குச்சியால் நீக்குங்கள். படலத்தை உரித்தால் அடியில் குழிகள்தான் இருக்கும். புளி, எலுமிச்சை, வினிகர் வேண்டாம். பூஜைச் சாமானுக்கு அது சரி, பழங்காசுக்கு எமன்.

ஒரு காசு என்ன விலை பெறும்?

பெரும்பாலானவற்றுக்கு வெள்ளி விலைதான். ஒரு வெள்ளி டைமில் 0.0723 ட்ராய் அவுன்ஸ், குவார்ட்டரில் 0.1808, அரை டாலரில் 0.3617 வெள்ளி இருக்கிறது. அன்றைய விலையோடு பெருக்கிக்கொள்ளுங்கள். விதிவிலக்குகள் ஆண்டிலும், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்திலும் இருக்கின்றன. 1916-இல் டென்வரில் அடித்த மெர்க்குரி டைம் 2,64,000 மட்டுமே. அதே ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் அடித்தது சாதாரணக் காசு. டென்வரின் 'டி' எழுத்து பின்புறத்தில், கீழே இடப்பக்கம், கோடரியோடு சேர்த்துக் கட்டிய கோல்கட்டின் அடியருகே பொடியாக இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்க்காமல் எதையும் விற்காதீர்கள்.

மோதிரம் கிடைத்தால்?

இன்றைய ஆள் தொலைத்தது என்றால் அது இன்னும் அவருடையதுதான். கண்டெடுத்த பொருள் பற்றி மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பல இடங்களில் காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பள்ளி மோதிரத்தில் பள்ளியின் பெயரும் ஆண்டும் பல சமயம் உள்பக்கத்தில் தலைப்பெழுத்தும் இருக்கும். அந்தப் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், உரியவர் பெரும்பாலும் கிடைத்துவிடுவார்.

எலும்போ வெடிகுண்டோ தட்டுப்பட்டால்?

தொடாதீர்கள். விலகி நின்று 911.

லண்டன் பூங்காக்களில் தேடலாமா?

ஹைட் பார்க் போன்ற அரச பூங்காக்களில் தடை. மற்றவை அந்தந்த கவுன்சிலின் அனுமதிக்கு உட்பட்டவை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்ன நிலத்தில் உரிமம் இல்லாமல் டிடெக்டர் ஓட்டுவதே குற்றம். 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் வரும் பொருள் கிடைத்தால், 14 நாளுக்குள் கொரோனருக்கு (திடீர் மரணங்களையும் புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். 300 ஆண்டு கடந்த தங்க, வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது டிடெக்டரை எடுத்துப் போய்த் தேடலாமா?

வேண்டாம். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் ரோமானியக் காசும் சங்க காலக் காசும் கிடைத்ததைப் படித்தவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த எந்தப் பொருளும் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசுகள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள்; நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. வயல் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தற்செயலாகக் காசு கிடைத்தால், கழுவாமல், கிடந்த இடத்தையும் ஆழத்தையும் தேதியையும் எழுதி, கூடவே கிடந்த பானை ஓட்டையும் எறியாமல் வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அப்படியே ஆட்சியருக்கும் ஒரு கடிதம் எழுதி, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.